ஹைடெக் லேபில் கூகுள் ஃபார்ம்ஸ் தேர்வு: ஒருவர் அனுப்பியதும் மற்றவர்களுக்கு மூடிக்கொள்கிறது

#1 | சாய்சதுரம்

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு கணிதம், அரசு உயர்நிலைப் பள்ளி, 38 பிள்ளைகள். லேபில் ஒரு சர்வர், 10 தின் கிளையன்ட் (சர்வரை நம்பி இயங்கும் சிறு கணினி), ஒரு புரொஜெக்டர். கூகுள் ஃபார்ம்ஸில் 'மெய்யெண்கள்' பாடத்துக்கு 10 கேள்வி போட்டிருக்கிறேன். லிங்க் எடுக்க வசதியாக எல்லாக் கணினியிலும் என் ஜிமெயிலைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒருவர் இரண்டு முறை எழுதிவிடக் கூடாது என்பதற்காக 'லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்' போட்டிருக்கிறேன்.

நான்கு இடத்தில் சிக்கல். ஒரு பிள்ளை சப்மிட் அழுத்தியதும் மற்ற ஒன்பது பேருக்கும் 'ஏற்கெனவே பதிலளித்துவிட்டீர்கள்' என்று வருகிறது. சில கணினிகளில் ஃபார்ம் திறக்கும்போதே பாதிக் கேள்விக்கு விடை குறித்திருக்கிறது. கோடிட்ட இடத்தில் சரியாக எழுதியவர்களுக்கும் 0 விழுகிறது. வானவில் எழுத்துருவில் இருக்கும் பழைய வினாத்தாளை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது.

பிள்ளைகளிடம் மெயில் ஐடி இல்லை, போன் பள்ளிக்குள் கிடையாது. பாடவேளை 45 நிமிடம். எங்கிருந்து சரி செய்வது?

#2 | கம்பிவடம்

சார், முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றே. பத்துக் கணினியிலும் உங்கள் கணக்கு திறந்திருப்பதால், கூகுளின் பார்வையில் அங்கே உட்கார்ந்திருப்பது பத்துப் பேர் அல்ல, ஒரே ஆள். ஒருமுறை அனுப்பியதும் அந்த ஆளின் வாய்ப்பு முடிந்துவிட்டது. விடை தானாக நிரம்பியிருப்பதும் அதனால்தான். லாகின் செய்தவர் பாதியில் விட்ட விடைகளை ஃபார்ம்ஸ் அந்தக் கணக்கில் வரைவாகச் சேமித்து வைக்கும். மூன்றாம் கணினியில் குறித்தது ஏழாம் கணினியில் திறப்பது அப்படித்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உங்கள் கணக்கு திறந்திருக்கும் கணினியில் பிள்ளை இன்னொரு டேப் திறந்தால் விடைக்குறிப்போடு ஃபார்மையே திருத்தலாம். மெயிலும் அதே வழியில் திறந்து கிடக்கும். எல்லாக் கணினியிலும் சைன் அவுட் செய்துவிட்டு குரோமில் எந்தக் கணக்கும் இல்லாமல் திறக்கும் கெஸ்ட் விண்டோவில் மட்டும் லிங்கைத் திறங்கள்.

பிறகு செட்டிங்ஸ் பக்கம்:

- 'கலெக்ட் இமெயில் அட்ரஸஸ்': டூ நாட் கலெக்ட்.
- 'லிமிட் டு 1 ரெஸ்பான்ஸ்': ஆஃப். இது ஆனில் இருக்கும்வரை லாகின் கேட்டுக்கொண்டே இருக்கும்.
- பிரசென்டேஷன் பகுதியில் 'ஷோ லிங்க் டு சப்மிட் அனதர் ரெஸ்பான்ஸ்': ஆன். அடுத்த பிள்ளை அதே திரையிலிருந்து தொடங்கலாம்.
- 'டிஸேபிள் ஆட்டோசேவ்': ஆன்.
- 'வியூ ரிசல்ட்ஸ் சம்மரி': ஆஃப்.

மதிப்பெண் வெளியிடும் இடத்தில் கவனம். 'லேட்டர்' என்று தேர்ந்தால் அது இமெயில் கேட்பதைத் தானாக ஆன் செய்துவிடும், பழையபடி பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். 'இமீடியட்லி' என்றே விட்டுவிட்டு, அதன் கீழே 'மிஸ்டு கொஸ்டின்ஸ்', 'கரெக்ட் ஆன்சர்ஸ்' இரண்டையும் அணைத்துவிடுங்கள். மொத்த மதிப்பெண் மட்டும் தெரியும். முதல் அணி எழுந்து போகும்போது விடைகளை இரண்டாம் அணிக்குச் சொல்லிவிட்டுப் போகும் வாய்ப்பு குறையும்.

ஒருவர் இரண்டு முறை எழுதுவதை வரிசை எண்ணால் பிடிக்கலாம். வரிசை எண்ணை டிராப்டவுனாக வையுங்கள், 1 முதல் 38 வரை. பெயரைத் தட்டச்சச் சொன்னால் ஒரே பிள்ளை மூன்று விதமாக எழுதும், பிறகு பட்டியலைச் சேர்க்க முடியாது. இந்தக் கேள்வியைத் தனி செக்ஷனாக முதலில் வைக்க வேண்டும். கேள்விகளைக் கலைத்துப் போடும் வசதியை ஆன் செய்தால் வரிசை எண் கேள்வியும் நடுவில் போய் உட்கார்ந்துவிடும்.

#3 | வௌவால்

மூன்றாவது சிக்கல் தமிழ் எழுத்தில் இருக்கிறது. ஷார்ட் ஆன்சரில் ஃபார்ம்ஸ் பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம்.

என் புனைபெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வௌவால்' என்பதில் முதல் வகரத்தோடு சேர்ந்திருப்பது ஔகார உயிர்மெய்க் குறி. பலர் அதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக அடித்து 'வெளவால்' என்று எழுதிவிடுகிறார்கள். சில எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. விடைக்குறிப்பில் ஒன்று, பிள்ளை எழுதியது இன்னொன்று என்றால் 0 தான். 'ஸ்ரீ' எழுத்துக்கும் யுனிகோடில் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) இரண்டு வழி உண்டு. சொல்லின் கடைசியில் தெரியாமல் விழுந்த இடைவெளி, 'தேற்றம்' என்பதற்கு 'தேற்றம்.' என்று புள்ளி வைப்பது, இவையும் காரணம்.

ஆகவே தமிழ்ச் சொல் விடையாக வரும் கேள்வியைத் தானியங்கி திருத்தத்துக்கு விடாதீர்கள். தேர்ந்தெடுக்கும் கேள்வியாக மாற்றுங்கள், அல்லது எண் விடையாக மாற்றுங்கள். எண்ணிலும் 0.5, .5, 1/2 மூன்றையும் விடைக்குறிப்பில் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். தசமமாக மட்டுமே வேண்டுமென்றால் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' போய் 'நம்பர்' வைத்துவிடுங்கள். பின்னமாக எழுதினால் அங்கேயே நிறுத்திவிடும். கேள்வியிலும் 'தசமத்தில் எழுதுக' என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏன் நிற்கிறது என்று பிள்ளைக்குப் புரியாது.

வானவில், பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்கள். எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனதும் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். என்.எச்.எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யுனிகோடாக்கிக்கொள்ளுங்கள். எந்த எழுத்துருவிலிருந்து என்பதைச் சரியாகத் தேர்வு செய்ய வேண்டும், பெயர் ஒன்றுபோல இருந்தாலும் குறியீடு வேறாக இருக்கும். மாற்றிய பிறகு சூத்திரங்கள், அடைப்புக்குறிகள், மேற்கோள்குறிகளைக் கண்ணால் சரிபாருங்கள். வினாத்தாளில் ஆங்கில எழுத்துருவில் இருந்த பகுதியையும் மாற்றி அது தமிழாக்கிவிடும், கணித வினாத்தாளில் இதுதான் அதிகம் கெடும்.

புதிதாக அடிக்கிறீர்கள் என்றால் விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. தமிழக அரசு 1999இல் தரப்படுத்தியது. இரண்டு வாரம் பழகினால் கை ஓடும். அதுவரை போனில் ஜிபோர்டு விசைப்பலகையில் பேசித் தட்டச்சு செய்து கூகுள் டாக்ஸில் விட்டு, கணினியில் திறந்து ஒட்டலாம்.

#4 | சாய்சதுரம்

லாகினை எடுத்ததும் இரண்டு சிக்கலும் போய்விட்டன, நன்றி. வர்க்கமூலமும் பின்னமும் எப்படி அடிப்பது? ஃபார்ம்ஸில் சமன்பாடு எழுதும் பெட்டியே காணவில்லை.

#5 | வௌவால்

இல்லை சார், ஃபார்ம்ஸில் அது கிடையாது. எளிய குறிகளை எழுத்தாகவே இடலாம். ஆங்கில விசைப்பலகையில், எண் பலகை உள்ள கணினியில், ஆல்ட் விசையை அழுத்தியபடி 0178 அடித்தால் ², 0179 அடித்தால் ³, 251 அடித்தால் √ வரும். அடுக்குப் பின்னம், நீளமான மூலக்குறி எல்லாவற்றையும் வேர்டில் சமன்பாடாக எழுதி, விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் கொண்டு வெட்டி, கேள்விக்குப் படமாகச் சேர்த்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் வேர்டில் எழுத்தை 24க்கு மேல் வையுங்கள். சின்ன எழுத்தை வெட்டி ஃபார்ம்ஸில் பெரிதாக்கினால் மங்கும், மைனஸ் குறி காணாமலே போகும்.

#6 | மூன்றாம் மணி

10 கணினி, 38 பிள்ளைகள். ஆளுக்கு 8 நிமிடம் என்று வைத்தாலும் நான்கு அணி, 32 நிமிடம். எழுந்து உட்கார ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். பாடவேளை அதோடு முடிந்தது, கணினிக்காகக் காத்திருக்கும் 28 பேர் அத்தனை நேரமும் என்ன செய்வார்கள்?

மொத்த வகுப்பையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டுமென்றால் பிளிக்கர்ஸ் என்ற செயலியைப் பாருங்கள். கணினி வேண்டாம், பிள்ளைகளிடம் போன் வேண்டாம், உங்கள் போன் ஒன்று போதும். அவர்கள் தளத்திலிருந்து அட்டைகளை அச்செடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை. ஒவ்வொரு அட்டையிலும் க்யூஆர் போன்ற ஒரு கறுப்பு வடிவம். அதன் நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. பிள்ளை தன் விடை எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். நீங்கள் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு முறை ஓட்டினால் எந்த எண் எந்த விடை என்று பதிவாகும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து அட்டையைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்ள முடியாது.

கெடும் இடங்கள்: பளபளக்கும் லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டு கேமரா படிக்காது, மங்கல் லேமினேஷன் போடுங்கள் அல்லது தடித்த அட்டையில் ஒட்டுங்கள். விரல் கறுப்புப் பகுதியின் மேல் விழக் கூடாது, ஓரத்தில் பிடிக்கப் பழக்குங்கள். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும், அட்டை மாறிப் போனால் மொத்தப் பதிவும் மாறும். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை, உங்கள் வகுப்புக்குப் போதும். 40க்கு மேல் என்றால் 63 அட்டைத் தொகுப்பு. கடைசி பெஞ்ச் படிக்கவில்லை என்றால் பெரிய அளவு அட்டையும் உண்டு. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்குள் கேள்வி எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது, 5 கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாடவேளையின் நடுவில் கேட்க 5 கூட அதிகம்.

#7 | கரும்பலகை

நல்ல யோசனைகள்தாம். ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். 38 பேர் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெரிதாக ஏ, பி என்று எழுதித் தூக்கிப் பிடித்தால் ஆகாதா? அச்சு, செயலி, இணையம் எல்லாம் எதற்கு?

#8 | மூன்றாம் மணி

ஆகும் சார், அதுவும் நல்ல முறை. இரண்டு வித்தியாசம் மட்டும். நோட்டில் எழுதுவது பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியும், தயங்குகிற பிள்ளை நன்றாகப் படிக்கிறவரின் விடையை எழுதிவிடும். மற்றது, 38 நோட்டை ஒரு பார்வையில் எண்ணி எந்தப் பிள்ளை எதில் தவறுகிறது என்று நினைவில் வைக்க முடியாது.

ஆனால் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் விஷயம் சரி. எந்தக் கருவியானாலும் விடைத் தேர்வுகள் மோசமாக இருந்தால் அது பயன்படாது. தவறான விடைகளை ஏதோ எண்களாக நிரப்பக் கூடாது. ஒவ்வொரு தவறான தேர்வும் பிள்ளை செய்யக்கூடிய ஒரு குறிப்பிட்ட பிழையிலிருந்து வர வேண்டும்.

√9 + √16 = ? 
ஏ) 5 பி) 7 சி) 12 டி) 25

சரியான விடை 7. ஏ எடுத்தவர் உள்ளே கூட்டி √25 ஆக்கியவர், மூலம் கூட்டலுக்குப் பிரிந்து செயல்படும் என்று நம்புகிறார். சி எடுத்தவர் 3ஐயும் 4ஐயும் பெருக்கியவர். டி எடுத்தவர் கூட்டிவிட்டு மூலக்குறியை மறந்தவர்.

(3 + 4)² = ? 
ஏ) 14 பி) 19 சி) 25 டி) 49

25 என்றவர் 3² + 4² போட்டவர். இந்த இரண்டு கேள்வியிலும் அடியில் இருப்பது ஒரே பிழை என்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் அதே பிள்ளை தவறினால் அதற்குச் சூத்திரத்தை மீண்டும் எழுதிப் போடுவதால் பயன் இல்லை. பக்கம் 7 உள்ள சதுரத்தை 3, 4 என்று பிரித்து வரைந்து, நடுவில் விடுபட்ட இரண்டு செவ்வகங்களையும், அதாவது 12 + 12ஐ, காட்ட வேண்டும்.

எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்று காட்டும் பட்டை வரைபடத்தைப் படிக்கும் முறை: தவறியவர்கள் மூன்று தவறான தேர்விலும் சமமாகச் சிதறியிருந்தால் அது ஊகம், பாடம் இன்னும் ஏறவில்லை. ஒரே தேர்வில் குவிந்திருந்தால் அது தவறான கருத்து, பிள்ளை உறுதியோடு தவறாக நினைக்கிறது. இரண்டாவதுதான் ஆசிரியர் உடனே கை வைக்க வேண்டிய இடம்.

சரியென்றவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், உங்கள் வகுப்பில் ஏறக்குறைய 12 முதல் 26 பேர், விடையைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விடுங்கள். பிறகு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இது. அதற்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, நீங்களே மறுபடி நடத்த வேண்டும். அதற்கு மேலே என்றால் அடுத்ததற்குப் போகலாம்.

இன்னொன்று. விடைகளைக் கலைத்துப் போடும் வசதியை ஃபார்ம்ஸில் ஆன் செய்தால் 'மேற்கண்ட அனைத்தும்' நடுவில் வந்து நிற்கும். அந்த வகைத் தேர்வையே விட்டுவிடுங்கள்.

#9 | கரும்பலகை

விடைத் தேர்வு பற்றிச் சொன்னது பிடித்தது. நோட்டிலும் இதே கேள்வியைக் கேட்கலாம் என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபார்ம்ஸில் வாங்கிய மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதை ஏற்க மாட்டேன்.

#10 | கம்பிவடம்

அதில் உங்கள் பக்கம்தான் நான். தேர்வின்போது வேறு டேப் திறக்காமல் பூட்டும் வசதி பள்ளி நிர்வகிக்கும் குரோம்புக் மடிக்கணினியில் மட்டுமே வேலை செய்யும், நம் லேபில் இல்லை. டிராப்டவுனில் வேறு ஒருவர் எண்ணைத் தேர்ந்துவிட்டாலும் கண்டுபிடிக்க வழி இல்லை. நாளைக்கு என்ன நடத்துவது என்று தீர்மானிக்க இந்தப் பதிவு போதும். இந்தத் தேர்வின் மேல் மதிப்பெண் சுமையை ஏற்றாமல் இருந்தால் பிள்ளைகளும் தெரியாததைத் தெரியாது என்றே குறிப்பார்கள்.

#11 | மின்கலம்

லேபின் 10 கணினிக்குத் தேர்வைவிட நல்ல வேலை இருக்கிறது. அறிவியல் பக்கம் சொல்கிறேன், கணிதத்துக்கு ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளும் இதே வழிதான்.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்களில் (திரையில் செய்து பார்க்கும் சோதனைகள்), பிரௌசரிலேயே ஓடும் எச்.டி.எம்.எல்.5 வகை எல்லாவற்றையும் ஒற்றைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பல தமிழிலும் கிடைக்கின்றன, மொழிபெயர்ப்புப் பகுதியில் தமிழைத் தேடி இறக்குங்கள். அந்தக் கோப்பை சர்வரின் பகிர்வு ஃபோல்டரில் போட்டால் இணையம் இல்லாமலே எல்லாக் கணினியிலும் திறக்கும். வெள்ளைத் திரையாக நின்றால் பிரௌசர் பழசு, குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ புதுப்பியுங்கள். தின் கிளையன்ட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடியோ ஓட்டினால் சுமை முழுவதும் அந்த ஒரே சர்வரின் மேல் விழும். வீடியோவைப் புரொஜெக்டரில் ஒரு முறை ஓட்டுங்கள், கையால் செய்து பார்ப்பதைக் கணினியில் விடுங்கள்.

ஃபெட்டின் நேர்மின்னோட்டச் சுற்றுப் பெட்டியில் மின்கலம் 9 வோல்ட், விளக்கு 10 ஓம் என்று தொடங்கும். ஒரு விளக்கு: 0.9 ஆம்பியர். தொடரிணைப்பில் இரண்டு: 0.45. பக்க இணைப்பில் இரண்டு: மின்கலத்திலிருந்து வருவது 1.8. இணைப்பதற்கு முன் எண்ணை நோட்டில் ஊகித்து எழுத வைத்துவிட்டு அம்மீட்டரைப் போடச் சொல்லுங்கள். ஊகிக்காமல் விட்டால் பிள்ளைகள் மின்கலத்தைக் குறுக்குச்சுற்றாக்கித் தீப்பிடிக்க வைப்பதிலேயே நேரம் போய்விடும்.

உண்மையான டார்ச் விளக்கை வைத்துச் செய்தால் 0.45 வராது என்பதையும் சொல்லுங்கள். திரையில் உள்ள விளக்கின் மின்தடை மாறாமல் 10 ஓமாகவே நிற்கிறது. இழை விளக்கு சூடாகச் சூடாக மின்தடை கூடும், தொடரிணைப்பில் சூடு குறைவதால் மின்தடையும் குறைந்துவிடும். திரையில் பார்த்ததை மேசை மேல் ஒரு முறையாவது செய்துகாட்ட வேண்டும்.

பாடப்புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று வரும் பெட்டிகளில் ஃபெட், ஜியோஜீப்ரா பல இடங்களில் உண்டு. அந்த அலகைத் தொடங்கும் முன்தினமே இறக்கி வைத்துவிடுங்கள்.

#12 | தலைப்பெழுத்து

ஒரு வார்த்தை, எல்லாருக்கும். ஃபார்மில் போன் எண், ஆதார், பிறந்த தேதி எதையும் கேட்காதீர்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்ட எல்லாரும் குழந்தைகள்தான், அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். வரிசை எண் ஒன்றே போதும். விடைகள் சேரும் ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதும் வேண்டாம். அங்கே ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை 37 வீடுகள் படிக்கும்.

லிங்க் அனுப்பும்போது முகவரிப் பட்டியிலிருந்து நகல் எடுக்காதீர்கள், அது நீங்கள் திருத்தும் பக்கத்தின் முகவரி. மேலே உள்ள லிங்க் பொத்தானை அழுத்தி எடுப்பதுதான் பிள்ளைகளுக்கானது.

#13 | சாய்சதுரம்

அட்டைகள் அச்சுக்குக் கொடுத்தாயிற்று. மொத்த வகுப்புக்கும் பிளிக்கர்ஸில் 3 கேள்வி, அதில் ஒரே பிழையில் குவிந்தவர்களுக்கு மட்டும் மறுநாள் லேபில் ஃபார்ம் என்று பிரித்துக்கொள்கிறேன். அந்த அணி பத்துப் பேருக்குள் அடங்கும் என்றால் ஆளுக்கொரு கணினி கிடைக்கும்.

கடைசியாக ஒன்று: விடைகளை சி.எஸ்.வியாக (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) இறக்கி எக்செலில் திறந்தால் தமிழ் எல்லாம் புள்ளியும் கோடுமாக வருகிறது.

#14 | வௌவால்

இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செலில் வெற்றுத் தாள் திறந்து, டேட்டா பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி' போய்க் கோப்பைக் காட்டி, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யுனிகோட் யு.டி.எஃப்-8 தேர்ந்து 'லோட்' கொடுங்கள். தமிழ் சரியாக வரும். ஆனால் சி.எஸ்.வியில் மதிப்பெண் '7.00 / 10' என்று எழுத்தாக வரும், சராசரி போட முடியாது. அதற்கு ஃபார்ம்ஸின் ரெஸ்பான்சஸ் பக்கத்தில் 'லிங்க் டு ஷீட்ஸ்' கொடுத்து, அந்த ஷீட்டிலிருந்து எக்செல் கோப்பாக இறக்கிவிடுங்கள். இரண்டு தொல்லையும் இருக்காது.